அலுவலகக் கணினியும் ஆணை நிரலும்

அலுவலகக் கணினியொன்றில் ஊழியர் தாமே மாற்றிய அமைப்பு யாதொரு பயனும் தராதொழிவதுண்டு. இது பழுதன்று, ஆட்சி முறையின் விளைவேயாம்.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘விண்டோஸ் 2000’ முறைமையுடன் ‘குழுக் கொள்கை’ என்னும் ஏற்பாடு தோன்றிற்று. ஒரு கணினியளவில் அதனைத் திருத்தும் கருவி ‘ஜிபிஎடிட்’ எனப்படும். நிர்வாகியின் உரிமை பெறாதார் அதனைக் கொண்டு விதிகளை மாற்றுதல் இயலாது. விண்டோஸின் வீட்டுப் பதிப்பில் அக்கருவி சேர்க்கப்படவில்லை.

உரிமை பெற்றார் திருத்திய விதியும் எப்பொழுதும் நிலைபெறுமோ எனின், அன்று. முதலிற் கணினியின் சொந்தக் கொள்கையும், அடுத்துத் தளத்தின் கொள்கையும், பின்னர் ஆள்களத்தின் கொள்கையும், ஈற்றில் நிறுவன அலகின் கொள்கையும் செயற்படும். அவை தம்முள் முரணுமிடத்துப் பின்வந்ததே வெல்லும் என்பது பொதுவிதி. ஆதலின் கணினியிற் செய்த திருத்தம் மேலாணைக்கு அடங்குகின்றது. மேலாணையில் நேரும் மாற்றங்களைக் கணினி பொதுவாக 90 நிமிடத்துக்கு ஒருமுறை, 30 நிமிடம் வரையிலான தாழ்வுடன், தேடிப் பெறும்.

எக்கொள்கை தம்மைக் கட்டுப்படுத்துகின்றது என்பதை ‘ஜிபிரிசல்ட்’ என்னும் கட்டளையால் ஊழியர் தம் கணக்களவில் அறியலாம். தடையைக் குறுக்குவழியாற் கடப்பது அலுவலகம் முழுவதன் காவலையும் குலைக்கும். காரணங் கூறாது தடை விதிப்பதோ அக்குறுக்குவழிக்கே தூண்டுதலாகும். விதியை அறிந்து அதன் காரணத்தை வினவுதல் ஊழியர் கடன். விளக்குதல் நிர்வாகியின் கடன்.