இலையைத் தின்பது யார்?

பெங்களூரில் ஒரு சிறிய வீடு. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம். அதில் ஒரு கறிவேப்பிலைச் செடி, ஒரு ரோஜா, ஒரு பப்பாளிக் கன்று.

ஒரு நாள் காலை கறிவேப்பிலை பறிக்க மருமகள் போனாள். கொழுந்தே இல்லை. வெறும் காம்புதான் நின்றது.

"அத்தை, இங்கே வந்து பாருங்கள்!"

மாமியார் வந்து பார்த்தார். ரோஜா இலையும் வெட்டுப்பட்டிருந்தது. பப்பாளிக் கன்றில் பாதி இலை காணவில்லை.

மாலையில் மகன் ஒரு புட்டி பூச்சி மருந்து வாங்கி வந்தார். "மூன்று செடிக்கும் அடித்துவிடலாம்" என்றார்.

"கொஞ்சம் பொறுப்பா. அதோடு வந்த சீட்டை நீ படி, அம்மா" என்றார் மாமியார்.

சீட்டு பல மொழிகளில் இருந்தது. தமிழிலும் இருந்தது. மருமகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பருத்தி என்று இருந்தது. மிளகாய் என்று இருந்தது. கறிவேப்பிலை என்று எங்குமே இல்லை. புட்டியில் மஞ்சள் முக்கோணம் இருந்தது.

இந்த முக்கோணத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள். அதற்கும் குறைவானது நீலம். எல்லாவற்றிலும் குறைவானது பச்சை. மருந்து என்று நாம் சொல்கிறோம். ஆனால் அது விஷம்தான். அதை அடித்த இலையைக் குழம்பில் போட்டால் யார் சாப்பிடுவது? வீட்டில் உள்ள குழந்தையும்தானே?

"தின்பது யார் என்று முதலில் பார்ப்போம்" என்றார் மாமியார்.

கறிவேப்பிலையின் அடியில் கரும்பச்சை நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் கிடந்தன. அவை புழுவின் எச்சம். எச்சம் கிடந்தால் அதற்கு நேர் மேலே பார்க்க வேண்டும். மருமகள் பார்த்தாள். ஓர் இலையில் காக்கை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. குச்சியால் தொட்டாள். அது நெளிந்தது! தலைக்குப் பின்னால் இரண்டு சிவந்த கொம்புகளை நீட்டியது. ஒரு நாற்றமும் வந்தது.

அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் போல இருக்கும். பறவைகள் ஏமாந்து போகும். நாமும் ஏமாந்துதான் போகிறோம். வளர்ந்தால் இலை போலப் பச்சையாகிவிடும். எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். இந்தப் புழு இவை எல்லாவற்றையும் தின்னும். இது கடிக்காது, கொட்டாது. கையால் எடுத்துவிடலாம். பெரிய மரம் என்றால் பத்துப் புழு தின்றாலும் தாங்கும். சின்னச் செடி தாங்காது.

மருமகள் ஒன்பது புழுக்களை எடுத்தாள்.

புழு நிறைய இருந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் தெளியுங்கள். பறித்த இலையை நன்றாகக் கழுவித்தான் சமைக்க வேண்டும்.

ரோஜாவின் கதை வேறு. அதன் இலை ஓரத்தில் கத்தரியால் வெட்டியது போல அரை வட்டம் இருந்தது. எச்சம் எதுவும் இல்லை. அது ஒரு வகைத் தேனீயின் வேலை. அது இலையைத் தின்பதில்லை. வெட்டிய துண்டைக் கொண்டுபோய்க் குஞ்சுக்கு அறை கட்டுகிறது. ரோஜாவுக்கு ஒன்றும் ஆகாது. விட்டுவிடலாம்.

பப்பாளிக் கன்றைச் சுற்றி மண்ணில் வெள்ளிக் கோடு போலப் பளபளத்தது. இரவு டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கை அகலத்துக்கு ஒரு நத்தை! இது ஆப்பிரிக்க நத்தை. 1847-இல் கல்கத்தாவுக்கு ஒருவர் கொண்டுவந்தார். இன்று நாட்டின் பல பகுதிகளில் பரவிவிட்டது. பூச்சி மருந்து அடித்திருந்தால் இதற்கு வீண்தான். நத்தையை வெறும் கையால் தொடக் கூடாது. நோய் வரலாம். ஈரச் சாக்கின் கீழ் முட்டைகோஸ் இலை வைத்தால் அங்கே வந்து சேரும். கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு எடுத்து, உப்புத் தண்ணீர் வாளியில் போட வேண்டும்.

புட்டி திறக்காமலே கடைக்குத் திரும்பிப் போனது.

சில வாரத்தில் கறிவேப்பிலை கொழுந்து விட்டது. மருமகள் இப்போது கொழுந்தைத் திருப்பிப் பார்த்துத்தான் பறிக்கிறாள். கடுகு போல உருண்டையாக, வெளிர் மஞ்சளாக ஒன்று ஒட்டியிருந்தால் அது முட்டை. அந்த இலையை மட்டும் கிள்ளி எடுத்துவிடுகிறாள்.