ஏடும் பண்ணும்

மழைக்காலத்து மாலையொன்றில் எம் இல்லத்துக் கணிப்பொறி இயங்க மறுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு வட்டம் சுழலும், சுழன்றுகொண்டே இருக்கும், அதற்குமேல் ஒன்றும் நிகழாது. மகன் அதனைக் கடலூரில் பழுது பார்க்கும் கடையொன்றுக்குக் கொண்டு சென்றான். மறுநாள் அது நலமாகத் திரும்பி வந்தது. முன்னைவிட விரைவாகவும் இயங்கிற்று. ஆனால், திரையைக் கண்ட எம் மனைவி திடுக்கிட்டு நின்றாள். புதிதாக வெள்ளையடித்த சுவரைப்போல் அது வெறுமையாக இருந்தது.

பிள்ளைகளின் புதுநன்மைப் படங்கள் இல்லை. எம் தந்தையார் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த குடும்ப வரலாற்றை யாம் பல ஆண்டுகளுக்குமுன் தமிழில் தட்டச்சு செய்து வைத்திருந்தோம், அதுவும் இல்லை. யாவற்றினும் மேலாக, மறைந்த எம் தாயார், கடலூர் முதுநகரில் கழிந்த தம் இளமை நாள்களைப்பற்றிப் பேசிய ஐந்து ஒலிப்பதிவுகளும் இல்லை. கடையில் கேட்டபோது, "இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினோம், பழையவை போயிருக்கும்" என்ற ஒற்றை வரியே விடையாகக் கிடைத்தது.

அன்பார்ந்த வாசகர்களே, இத்தகைய துயரம் இன்று எத்தனையோ இல்லங்களில் நேருகின்றது. போனது போகட்டும் என்று கைவிடுவோரே பலர். ஆயினும், போனவை யாவும் உண்மையில் போய்விடுவதில்லை என்பதையும், மீட்பதற்கு ஒரு முறை உண்டு என்பதையும் நாம் அறிந்திருத்தல் நலம்.

சிதம்பரம் தரும் பாடம்

நம் மாவட்டத்தில் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று மிகப் பழங்காலத்திலேயே பேசப்பட்டுள்ளது. 14-ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியாரின் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணம் அதனைக் கூறுகின்றது. தேவாரப் பாடல்களுள் ஒருசிலவற்றைக் கேட்டு உருகிய சோழ மன்னன், எஞ்சியவை எங்கே எனத் தேடினான். அவன் முதலாம் இராசராசன் என்பது பெரும்பாலோர் கருத்து. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி, அவ்வேடுகள் தில்லைக் கோயிலில் பூட்டிய அறையொன்றில் இருப்பதாகக் காட்டினார். பாடிய மூவரும் நேரில் வந்தாலன்றி அறை திறக்கப்படாது என்று தீட்சிதர்கள் கூறினர். மன்னன் மூவரின் திருவுருவங்களையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தி, அறையைத் திறக்கச் செய்தான். உள்ளே ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் வார்த்துப் புற்றைக் கரைத்து, செல்லரித்தவை போக எஞ்சியவற்றை எடுத்தனர். பாடப்பட்டவை நூறாயிரத்துக்கு மேற்பட்ட பதிகங்கள் என்பது மரபு. நமக்குக் கிடைத்தவையோ எண்ணூற்றுக்கும் சற்றுக் குறைவு.

கதை இத்துடன் முடியவில்லை. ஏடு கிடைத்தது, ஆனால், பாடும் பண் மறந்துபோயிருந்தது. எனவே, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியை எருக்கத்தம்புலியூரிலிருந்து வரவழைத்து, பண்களை வகுக்கச் செய்தனர் என்று அந்நூல் கூறும். அவ்வூர் விருத்தாசலத்தை அடுத்துள்ள இராசேந்திரப்பட்டினமே. வரலாற்றறிஞர் சிலர் இதனை மரபுவழிச் செய்தியாக மட்டுமே கொள்வர். அது எவ்வாறாயினும், இதில் அடங்கிய அறிவு நமக்கு வேண்டுவதே. ஏடு வேறு, பண் வேறு. இரண்டையும் தனித்தனியே மீட்டாக வேண்டும். கணிப்பொறியில் நாம் சேமித்த கோப்புகளே ஏடு. அவற்றை நம் விருப்பப்படி இயங்கச் செய்யும் அமைப்புகளே பண்.

அறை பூட்டியிருக்கிறதா, இடிக்கப்பட்டதா?

இயங்குதளம் என்பது கணிப்பொறியின் மற்றெல்லா வேலைகளையும் நடத்தும் அடிப்படை மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ் முதலியன அவ்வகையின. அதனைப் புதிதாக நிறுவுதல் இருவகைப்படும். ஒன்று, வட்டினை அழிக்காமல் பழையதன்மீதே நிறுவுதல். மற்றொன்று, வட்டினைத் துடைத்துவிட்டு நிறுவுதல். எது நடந்தது என்று அறிவதே முதல் வேலை.

சிதம்பரத்தில் பொறியியல் பயிலும் எம் தங்கையின் மகன், செய்தி கேட்டதும் தொலைபேசியில் சொன்ன முதல் சொல் இதுதான்: "மாமா, இனி அதில் எதையும் ஏற்ற வேண்டாம். உடனே அணைத்து வையுங்கள். நான் வந்து பார்க்கிறேன்." அச்சொல்லின் அருமை பின்னரே எமக்கு விளங்கிற்று.

விண்டோஸை அழிக்காமல் நிறுவியிருந்தால், பழைய இயங்குதளமும் நம் கோப்புகளும் 'சி' பகுதியில் 'விண்டோஸ் ஓல்ட்' என்னும் உறைக்குள் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதனுள் 'யூசர்ஸ்' என்ற உறையையும், அதனுள் நம் பழைய பெயரையும் திறந்தால், படங்களும் கடிதங்களும் இருந்தபடியே இருக்கும். ஆனால், இவ்வறை நெடுநாள் காத்திராது. விண்டோஸின் அண்மைக்காலப் பதிப்புகள், மேம்படுத்திய 10 நாள்களில் இவ்வுறையைத் தாமே நீக்கிவிடும். ஆகவே, நாளை என்னாது அன்றே வேறொரு வட்டுக்குப் படியெடுத்தல் வேண்டும்.

சிலருக்கு இவ்வுறையைத் திறக்கும்போது, 'உமக்கு உரிமையில்லை' என்ற பொருளில் ஒரு தடை தோன்றும். என் கோப்பு, என் பெயர், எனக்கே உரிமையில்லையா என்று வியப்போம். பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தோணி என்னும் பெயருடையோர் பலர் இருப்பர். வரிசை எண்ணைக் கொண்டே இன்னார் என அறிகிறோம். விண்டோஸும் அவ்வாறே பயனர் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் தருகின்றது. புதிதாக நிறுவிய பின் அதே பெயரில் கணக்குத் தொடங்கினாலும் எண் வேறு. நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் நுழைந்து, உறையின் பண்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, உரிமையாளரை மாற்றினால் தடை நீங்கும்.

எம் கணிப்பொறியில் படங்களும் குடும்ப வரலாறும் இவ்வாறே ஆறாம் நாள் கிடைத்தன. தாயாரின் ஒலிப்பதிவுகளோ 'டி' பகுதியில் இருந்தவை. அப்பகுதி துடைக்கப்பட்டிருந்தது.

துடைத்த பின்னும்

விரைவாகத் துடைக்கும்போது கணிப்பொறி எல்லாவற்றையும் அழிப்பதில்லை. நூலகத்தின் அட்டவணையைக் கிழித்தெறிவதை அது ஒக்கும். அடுக்கில் நூல்கள் அப்படியே இருக்கும். எது எங்கே என்ற குறிப்பு மட்டுமே இராது. புதிய நூல்கள் வந்து அதே இடத்தில் அமரும்போதுதான் பழையவை உண்மையில் மறைகின்றன. அணைத்து வைக்கச் சொன்னதன் காரணம் இதுவே. புதிதாக ஏற்றும் ஒவ்வொரு மென்பொருளும், ஒவ்வொரு திரைப்படமும், ஓர் ஏட்டின்மேல் ஏறும் கறையானாகும்.

வட்டினைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்து, 'போட்டோரெக்' போன்ற இலவச மென்பொருளால் தேடினால், எஞ்சியவற்றுள் பல கிடைக்கும். கிடைத்தவற்றை அதே வட்டில் எழுதாமல், வேறொரு வட்டிலேயே சேர்த்தல் வேண்டும். கோப்புகளின் பெயர்கள் திரும்பமாட்டா. எண்களே பெயராக நிற்கும். பொறுமையுடன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயரிட வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் கூறுதல் கடமை. மேற்சொன்னது சுழலும் பழையவகை வன்தட்டுக்குப் பொருந்தும். இக்காலத்து எஸ்.எஸ்.டி. வட்டுகள், அழித்த இடத்தை விரைவிலேயே தாமாகத் துப்புரவு செய்துவிடும். அவற்றில் துடைத்த பின் மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அவ்வாறே, மறைக்குறியீடு இட்டுப் பூட்டிய வட்டுக்கு அதன் திறவுகோல் இல்லையெனில் வழியே இல்லை. விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டுக்குரிய மீட்புக் குறி 48 இலக்கங்கள் கொண்டது. அதனைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களுடன் வைத்தல் அறிவுடைமை.

பண்ணை மீட்டல்

குடும்ப வரலாற்றுக் கோப்பு கிடைத்தது என்றோம் அல்லவா? திறந்தபோது எம் மகிழ்ச்சி அடங்கிற்று. தமிழ் ஓர் எழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் பொருளின்றிக் கலந்து கிடந்தன. கோப்பு கெட்டுவிட்டதென்றே யாம் கருதினோம். மருமகனோ நகைத்தான்.

ஒருங்குறி பரவுவதற்குமுன், தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை அமைத்து வைத்திருந்தனர். அவ்வெழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தோன்றும். இல்லையேல் அடியிலிருக்கும் ஆங்கிலக் குறிகளே தெரியும். இக்குழப்பத்தைத் தவிர்க்கவே 1999-இல் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்திற்று. 2010-இல் ஒருங்குறியையே ஏற்றது. ஆயினும், அதற்குமுன் தட்டச்சு செய்த மலர்களும் கணக்குகளும் கடிதங்களும் இன்னும் பல இல்லங்களிலும் பங்கு அலுவலகங்களிலும் உள்ளன.

பழைய உறைக்குள் 'விண்டோஸ்', அதனுள் 'பான்ட்ஸ்' என்ற உறையில் எம் பழைய எழுத்துரு இருந்தது. அதனைப் புதிய இயங்குதளத்தில் நிறுவியதும், தந்தையாரின் சொற்கள் திரையில் தமிழாக மலர்ந்தன. யாழ்ப்பாணர் மரபில் வந்த அப்பெண்மணியை அப்போது நினைத்துக்கொண்டோம். பின்னர், குறியீடு மாற்றும் மென்பொருளைக் கொண்டு முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்றினோம். இனி எக்கணிப்பொறியிலும் அது தமிழாகவே தோன்றும்.

பிற அமைப்புகளும் இவ்வாறு ஒதுங்கியிருப்பவையே. பயனர் உறையினுள் 'ஆப்டேட்டா' என்பது கண்ணுக்குப் புலப்படாமல் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். மறைந்தவற்றைக் காட்டுமாறு அமைத்தால் அது தெரியும். உலாவியின் நினைவுக்குறிகளும், சில அஞ்சல் மென்பொருள்களின் மடல்களும் அதிலேயே உள்ளன. ஃபயர்பாக்ஸ் உலாவியின் பயனர் விவர உறையை முழுமையாகப் படியெடுத்தால், சேமித்த கடவுச்சொற்களும் உடன்வரும். குரோம் உலாவியின் கடவுச்சொற்களோ பழைய விண்டோஸ் கணக்குடன் பிணைக்கப்பட்டவை. வெறும் படியெடுத்தலால் வாரா. மென்பொருள்களையும் பழைய உறையிலிருந்து இழுத்துவந்து இயக்க இயலாது. புதிதாகவே நிறுவ வேண்டும்.

வருமுன் காத்தல்

கடலூர் மக்களுக்கு இழப்பைப்பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் வீசிற்று. 2015-இல் பெருவெள்ளம் சூழ்ந்தது. கல்விச் சான்றுகளும் நிலப் பத்திரங்களும் நீரில் ஊறிய காட்சியைக் கண்டவர்கள் நாம். வீட்டிலிருக்கும் வட்டு ஒன்றே ஒன்றாயின், அதுவும் அவற்றோடு சேர்ந்ததே.

ஆகவே, அறிந்தோர் கூறும் விதி எளியது: மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒரு படி வேற்றிடத்தில். கணிப்பொறியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, வெளியூரில் வாழும் மகன் அல்லது மகள் இல்லத்தில் ஒன்று என வைக்கலாம். இணையவழிச் சேமிப்பும் அதற்கு உதவும். தேவாரத்திலேயே இதற்குச் சான்று உண்டு. ஏடுகளில் வாராத திருவிடைவாய்ப் பதிகம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் கோயிற் கல்வெட்டிலிருந்தன்றோ கிடைத்தது! ஓலையில் இல்லாததைக் கல் காத்தது.

பழுது பார்க்கக் கொடுக்குமுன், 'அழிக்க வேண்டாம்; முதலில் படியெடுங்கள்' என்று தாளில் எழுதிக் கணிப்பொறியின்மேல் ஒட்டிவிடுங்கள். வாய்ச்சொல் மறக்கும், எழுத்து நிற்கும். விண்டோஸ் எழும்பாவிடினும், பென்டிரைவிலிருந்து நேரே இயங்கும் லினக்ஸைக் கொண்டு கோப்புகளை முன்னதாகவே வெளியே எடுத்துவிடலாம் என்பதையும் நினைவிற் கொள்க. அதனை அறிந்த இளைஞர் ஒருவரேனும் இன்று நம் தெருவில் இருப்பார்.

எம் தாயாரின் ஐந்து பதிவுகளுள் மூன்று கிடைத்தன. இரண்டு மீளவில்லை; புதிதாக ஏற்றியவை அவ்விடத்தை எடுத்துக்கொண்டன. மீண்ட மூன்றனுள் ஒன்றில், துறைமுகத்தில் தோணிகள் வந்து சேரும் நாளைப்பற்றிச் சொல்லிக்கொண்டே வந்த தாயார், இடையில் நிறுத்தி, "போதும்டா, உலையில் அரிசி போடணும்" என்கிறார். அதனைக் கேட்க இப்போது மூன்று ஊர்களில் மூன்று படிகள் உள்ளன. வாசகர்களே, உங்கள் இல்லத்தில் அத்தகைய குரல் ஒன்று இருக்குமாயின், இன்று இரவே அதற்கு இரண்டாம் படி ஒன்று எடுத்து வையுங்கள்.