ஒரே ஒரு லென்ஸ்

நம் சங்க அன்பர்களில் பலர் மகன் வீடு, மகள் வீடு என்று மாதக்கணக்கில் வெளிநாடு போய் வருகிறார்கள். பாஸ்போர்ட், விசா, மாத்திரை டப்பா, சாம்பார்ப் பொடி என்று எல்லோர் வீட்டிலும் ஒரு பட்டியல் தயாராகும். காமிராப் பைத்தியம் உள்ள வீட்டில் இன்னொரு பட்டியலும் உண்டு. அதையொட்டி ஒரு சண்டையும் உண்டு.

2018-ல் நானும் என் மனைவியும் சிங்கப்பூர், மலேசியா போனோம். தோள்பையில் கேனன் 200டி காமிரா, மூன்று லென்ஸ், ஒரு ஃபிளாஷ். கையில் முக்காலி. ரயில் பாதையைச் சோதித்துக்கொண்டே முப்பது வருடத்துக்கு மேல் நடந்தவனுக்கு நாலு கிலோ ஒரு சுமையா என்று நினைத்தேன். பத்துமலை முருகன் கோயிலின் 272 படிகளில் பாதிக்கு மேல் அந்தப் பையைச் சுமந்தவள் அவள்தான். மேலே போனதும் நான் செய்த முதல் காரியம், கும்பிடுவதற்கு முன்பே லென்ஸ் மாற்றியது. திரும்பி வந்து எண்ணினால் சுமார் 1,400 படங்கள். அவள் இருந்தது பதினொன்றில். அவற்றிலும் பாதியில், ஏதோ ஒரு கட்டடத்துக்கு முன்னால் எறும்பளவு நிற்கிறாள்.

2023-ல் ஜூரிச்சில் இருக்கும் மகள் 38 நாளுக்கு வரச் சொன்னாள். இதற்குள் எனக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம் வேறு வந்திருந்தது. "அந்தப் பையோட வர்றதா இருந்தா நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டிக்கெட் போடும் வேலை இரண்டு வாரம் நின்றது. செல்போனே போதுமே என்றாள் மகள். போதும்தான், ஆனால் நல்ல வெயிலில் அந்தக் கண்ணாடியில் எனக்குத் தெரிவது என் மூஞ்சிதான். கடைசியில் ஒரு சமரசம்: காமிரா வரலாம், லென்ஸ் ஒன்றே ஒன்று.

எந்த ஒன்று?

கடைக்காரர் யோசிக்கவே இல்லை. 18-லிருந்து 135 மில்லிமீட்டர் வரை போகும் ஜூம் லென்ஸை எடுத்து வைத்தார். இந்த எண் சிறியதாக இருந்தால் அகலமான காட்சி, பெரியதானால் தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும். அகலமும் தூரமும் ஒரே குழலில் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் எடை அரைக் கிலோவுக்கு மேல். பாட்டரியோடு என் காமிராவே 450 கிராம்தான். காமிராவுக்கு லென்ஸா, லென்ஸுக்குக் காமிராவா என்று கேட்கும்படி இருந்தது. கழுத்தில் மாட்டினால் முன்பக்கம் தொங்கி, வலிக்கிற இடத்திலேயே இழுத்தது.

வாங்காமல் திரும்பி, எங்கள் வேலையில் செய்வதைச் செய்தேன். பழைய ரிகார்டைப் பார்ப்பது! டிஜிட்டல் படம் ஒவ்வொன்றும், எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தது என்பதைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து 2018 படங்களைப் பிரித்தேன். முக்கால்வாசி 18-க்கும் 35-க்கும் நடுவில். 100-க்கு மேல் அறுபதோ என்னவோ, பெரும்பாலும் பறவைப் பூங்காவில் எடுத்தவை. அவற்றில் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் ஒட்டியது ஒன்று. அந்த ஒரு கிளிக்காக 375 கிராம் லென்ஸை இரண்டு நாடு சுமந்திருக்கிறோம்.

மிச்சம் இரண்டு பேர். காமிராவோடு வந்த 18-55 ஜூம், 215 கிராம். இன்னொன்று 24 மில்லிமீட்டர் லென்ஸ், ஜூம் கிடையாது, 125 கிராம், முறுக்கு கனத்துக்குத்தான் இருக்கும். ஒரு நண்பரிடம் இரவல் வாங்கினேன். இரண்டையும் ஆளுக்கு ஒரு வாரம் மாட்டுங்கா மார்க்கெட்டில் சோதித்தேன். காமிராவோடு வருகிற லென்ஸை மட்டமாகப் பேசுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அது அநியாயம். அதில் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஏற்பாடு இருக்கிறது, இருட்டான மண்டபத்தில்கூடத் தூணும் சிலையும் கூர்மையாக வரும். ஆனால் அது அடக்குவது என் கை நடுக்கத்தைத்தான், எதிரே பூக்கட்டும் அம்மாளின் விரலை அல்ல. 24-க்கு அந்த ஏற்பாடு இல்லை. அதற்குப் பதில் எஃப் 2.8 வாய், குறைந்தது இரண்டு மடங்கு வெளிச்சம் வாங்கும். அதனால் விரல்கள் கலங்காமல் நின்றன. தூணும் சிலையும் முக்கியம் என்பவர் 18-55-ஐ எடுங்கள். எனக்கு 11 படக் கணக்கு ஞாபகத்தில் இருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. என் காமிராவின் சென்சார் சிறியது, ஃபிலிம் காலக் கணக்குக்கு மாற்ற 1.6-ஆல் பெருக்க வேண்டும். 24-ஐப் பெருக்கினால் 38. குழந்தைகள் சின்னதாக இருந்தபோது நான் வைத்திருந்த யாஷிகா எம்.எஃப்-2 காமிராவின் லென்ஸ் சரியாக 38! மகளின் முதல் பிறந்தநாள், தெற்கே போன ரயில் பயணங்கள் எல்லாம் அந்த ஒரே பார்வையில்தான். ஜூம் இல்லையே என்று அப்போது யாரும் அழவில்லை.

24-ஐயே மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.

நஷ்டத்தை மறைக்க மாட்டேன். கோர்னர்கிராட்டில், 3,089 மீட்டர் உயரத்தில், எதிரே மாட்டர்ஹார்ன் சிகரம் வானத்தை முட்டிக்கொண்டு நின்றது. என் படத்தில் எலுமிச்சம்பழம். இரண்டடி முன்னே போனால் கிட்டே வருகிற பொருளா அது? அங்கே மலையாடு ஒன்று பாறையில் நின்றதாக மனைவி சத்தியம் செய்கிறாள். படத்தில் ஒரு புள்ளி இருக்கிறது, ஆடாகவும் இருக்கலாம்.

லாண்ட்வாசர் பாலம் வேறு கதை. ரயில்வேக்காரன் பார்க்க வேண்டிய வேலை அது. 65 மீட்டர் உயரம், 136 மீட்டர் நீளம், 1902-ல் கட்டி முடித்த கல்பாலம், அதுவும் 100 மீட்டர் ஆரமுள்ள வளைவில். பாலம் முடிகிற இடத்திலேயே செங்குத்துப் பாறை, அதில் சுரங்கம். பின் பெட்டியில் வளைவின் உள்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் நம் எஞ்சின் பாறைக்குள் நுழைவது தெரியும். நம் பெட்டி பாலத்தில் இருப்பது அரை நிமிஷம்கூட இல்லை, லென்ஸ் மாற்ற ஏது நேரம்? தட்டை லென்ஸ் என்பதால் ஜன்னல் கண்ணாடியிலேயே ஒட்ட வைத்தேன், உள்ளே எரிந்த விளக்கின் பிரதிபலிப்பு விழவில்லை. மறுநாள் ஃபிலிசூரில் இறங்கி, நடந்து போய்க் கீழிருந்து பார்த்தபோது பாலம் முழுசாக அடங்கவில்லை. காமிராவை நெட்டுக்குத்தாகத் திருப்பி, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி மூன்று படம் எடுத்து வீட்டில் கம்ப்யூட்டரில் ஒட்டினேன்.

ஆனால் ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பது பாலத்தை அல்ல. அதே பாதையில் வேறொரு நாள், எதிர் ஸீட்டில் ஒரு சுவிஸ் பாட்டி பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். என் மனைவிக்கு ஜெர்மன் தெரியாது, பாட்டிக்குத் தமிழ் தெரியாது. வண்டி சுரங்கத்துக்குள் போன நேரம், இரண்டு பேரும் ஒரே ஸ்வெட்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பிய கண்ணியை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு கஜத்துக்கும் குறைவான தூரம், பெட்டிக்குள் மங்கல் விளக்கு. எடுத்தது தெரியாமல் இருவரும் எண்ணிக்கொண்டே இருந்தார்கள்.

இந்தத் தடவை மொத்தம் 620 படம், அவள் இருப்பது நூற்றுக்கு மேல். "போதும், இனிமேல் என்னை எடுக்காதீங்க" என்கிறாள்.

பழைய காமிராப் பை எடுத்துக்கொண்ட நாலு கிலோ இடத்துக்கு, போகும்போது என்ன போனது தெரியுமா? இரண்டு கிலோ கருவடாம், ஒரு கிலோ பருப்புப் பொடி, ஒரு குட்டிக் குக்கர். அந்தப் பெட்டியை ஜூரிச் ஸ்டேஷன் படிகளில் தூக்கியது நான்தான்.