சுழல்வது யார்?

சூரியன் கிழக்கே உதிக்கிறான், மேற்கே அஸ்தமிக்கிறான். கண்ணாரக் காண்பதை இல்லையென்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் இந்த விஷயத்தில் நம் கண்கள் சொல்வது பொய்ச் சாட்சி!

இன்றிரவே ஒரு பரீட்சை செய்து பாருங்கள். இருட்டறையில் விளக்கொன்றை ஏற்றி, எதிரே குச்சியில் குத்திய ஆரஞ்சுப் பழத்தைப் பிடியுங்கள். பழத்தின் ஒரு பாதியில் வெளிச்சம். மறு பாதியில் இருள். அதன்மேல் மையால் ஒரு புள்ளி வைத்து மெல்லச் சுழற்றினால், புள்ளி இருளிலிருந்து ஒளிக்கு வந்து, மறுபடியும் இருளில் மறைகிறது. விளக்கோ இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பகலும் இரவும் உண்டாவது இவ்விதமே.

இவ்வுண்மையை நம் நாட்டில் ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். அப்போது அவருக்கு வயது 23. ஓடத்தில் செல்பவனுக்குக் கரையிலுள்ள மரங்கள் பின்னோக்கி ஓடுவதாகத் தோன்றுவதுபோல, சுழலும் பூமியில் இருக்கும் நமக்கு நட்சத்திரங்கள் மேற்கே நகர்வதாகத் தோன்றுகின்றன என்றார் அவர். நட்சத்திரங்களைக் கொண்டு அளந்தால், பூமி ஒரு முறை சுழல 23 மணி 56 நிமிஷம் 4 விநாடி ஆகிறது. ஆரியபட்டரின் கணக்கு இதிலிருந்து ஒரு விநாடிகூடப் பிசகவில்லை! சுழலும்போதே பூமி சூரியனைச் சுற்றியும் செல்வதால், மீண்டும் சூரியனுக்கு நேரே வர இன்னும் சுமார் 4 நிமிஷம் வேண்டும். ஆகவேதான் நமது நாளுக்கு 24 மணி.

ஆயினும் அவர் கூற்றைப் பலர் ஏற்கவில்லை. பூமி சுழன்றால் உயர்ந்த பொருள்களெல்லாம் ஏன் விழவில்லை என்று 628-இல் பிரம்மகுப்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். பூமத்திய ரேகையில் சுழற்சியின் வேகம் மணிக்குச் சுமார் 1,040 மைல் அல்லவா? ஆனால் சீராக ஓடும் ரயிலில் கூஜாத் தண்ணீர் தளும்புவதில்லை. ரயிலோடு கூஜாவும் ஓடுகிறது. பூமியோடு நாமும், வீடும், காற்றும் அப்படியே ஓடுகிறோம்.

சரி, சுழற்சியைக் கண்ணால் காண வழியுண்டா? 1851-இல் பாரிஸ் நகரத்துப் பாந்தியன் மண்டபத்தில் பூக்கோ என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி அதைச் செய்து காட்டினார். 67 மீட்டர் நீளக் கம்பியில் 28 கிலோகிராம் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். குண்டின் அடியிலிருந்த முள் ஈர மணலில் கோடு கிழித்தது. ஒவ்வோர் ஆட்டத்திலும் கோடு சற்றே விலகி விழுந்தது. ஒரு மணியில் சுமார் 11 பாகை திரும்பியது. குண்டைத் திருப்பியவர் எவருமில்லை. அதன் கீழே தரைதான் திரும்பிக்கொண்டிருந்தது!

ஆரியபட்டரின் வாக்குக்கும் பாரிஸில் விழுந்த மணற்கோட்டுக்கும் இடையே 1,352 ஆண்டுகள். நாளைக் காலை மாடியில் நின்று பாருங்கள். உதயமாவது சூரியனல்ல, நம் வீடு அவனை நோக்கித் திரும்புகிறது.