வெளிநாடு போறீங்களா? செல்போனில் 'டேட்டா ரோமிங்'கை அணைச்சுட்டு ஏறுங்க!

திருச்சி: திருச்சி விமான நிலையத்தில் இருந்து சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று வேலைக்கு போறவங்க ஏராளம். இறங்கியதும் வீட்டுக்கு தகவல் சொல்ல செல்போனை ஆன் செய்வார்கள். காசு கரைவது அங்கேதான் ஆரம்பம்.

நம்ம ஊர் சிம், அந்த நாட்டு கம்பெனி டவரில் ஓடுவதுதான் ரோமிங். 'பேக்' போடாமல் நெட் ஓடினால் எம்.பி. கணக்கில் பணம் போகும். எம்.பி.க்கு 1 ரூபாய் என்று வைத்தாலே 1 ஜி.பி.க்கு 1,024 ரூபாய்! நீங்க எதையும் பார்க்க வேண்டாம். பாக்கெட்டில் கிடக்கும் போனே வாட்ஸ்அப் வீடியோ, ஆப் அப்டேட் என்று தானாக இறக்கிக் கொண்டிருக்கும்.

என்ன செய்யணும்?

* ஏறும் முன்பே 'செட்டிங்ஸ்' போய் 'டேட்டா ரோமிங்'கை ஆப் செய்யுங்க.

* சிம்மை கழற்ற வேண்டாம். ரோமிங் சேவை இருந்தால் நெட் இல்லாமலே பேங்க் ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். வரும்.

* சிங்கப்பூர், துபாய் விமான நிலையங்களில் 'வை-பை' இலவசம். 'வந்து சேர்ந்துட்டேன்' என்பதை அதிலேயே சொல்லிடலாம்.

* மாதக்கணக்கில் தங்குறவங்களுக்கு அந்த ஊர் சிம்தான் லாபம். வாங்க பாஸ்போர்ட் வேணும். 2 சிம் போன் என்றால், நெட்டுக்கு அந்த சிம்மை தேர்வு செய்யுங்க.

* சில நாள் பயணமா? அந்த நாட்டுக்கு செல்லுபடியாகும் பேக்கை இங்கேயே போட்டுடுங்க.

* வாட்ஸ்அப்பில் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்க. தேவையான மேப்பை கிளம்பும் முன்பே இறக்கி வைங்க.

ஒரு நிமிஷ வேலைதான். முதல் மாத சம்பளம் போன் பில்லுக்கு போகாமல் வீட்டுக்கு வந்து சேரும்.