எக்மோவில் வைத்தால் பிழைப்பார்களா?

‘எக்மோ’ என்ற சொல் தமிழர் வீடுகளுக்குள் நல்ல செய்தியோடு வரவில்லை. 2016 டிசம்பரில் தமிழக முதல்வர் ஜெயலலிதாவின் இதயத்துடிப்பு நின்றபோதுதான் நம்மில் பலர் அதை முதன்முதலாகக் கேள்விப்பட்டோம். மறுநாளே அவர் காலமானார். பின்னர் 2020இல், கொவிட்-19 தொற்றுடன் சென்னை மருத்துவமனையில் சேர்ந்த பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் உடல்நிலை அறிக்கைகளில் அச்சொல் அடிக்கடி வந்தது. செப்டம்பர் 25ஆம் தேதி அவரும் மறைந்தார். அதன்பின் “எக்மோவில் வைத்திருக்கிறார்கள்” என்றாலே “இனி அவ்வளவுதான்” என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் வந்துவிட்டது.

தற்செயலாக, அதே செப்டம்பர் 25ஆம் தேதிதான் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வேறொரு கதை சொல்லும் ஆய்வை வெளியிட்டது. 36 நாடுகளின் 213 மருத்துவமனைகளில், அவ்வாண்டு ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மே 1 வரை எக்மோவில் வைக்கப்பட்ட 1,035 கொவிட் நோயாளிகளின் பதிவுகள் அதில் ஆராயப்பட்டன. இறந்தவர்கள் 380 பேர், அதாவது 37 விழுக்காட்டினர். மற்ற வழிகள் எல்லாம் கைவிட்ட நிலையில் இருந்தவர்கள் இவர்கள் என்பதை நினைத்தால், இது எதிர்பாராத எண்ணிக்கை.

எக்மோ என்ன செய்கிறது? வெண்டிலேட்டர் நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளும். அந்தக் காற்றிலுள்ள உயிர்வாயுவை இரத்தத்தில் சேர்ப்பது நுரையீரலின் வேலை. கொவிட் முற்றியவர்களுக்கு அந்த நுரையீரலே வீங்கி, நீர் கோத்து, ஊறிய பஞ்சுபோல் கனத்துவிடுகிறது. தள்ளும் அழுத்தத்தைக் கூட்டினால், மிச்சமிருக்கும் நல்ல காற்றறைகளும் சேதமடையும். உயிரைக் காக்க வைத்த கருவியே நுரையீரலைப் புண்ணாக்கும் நிலை இது.

எக்மோ நுரையீரலைத் தொடுவதில்லை. தொடை இடுக்கில் உள்ள பெரிய சிரையில் தடித்த குழாய் ஒன்றைச் செலுத்தி இரத்தத்தை வெளியே எடுக்கிறார்கள். நிமிடத்துக்கு நான்கு, ஐந்து லிட்டர் வரை! பெரியவர் ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு பம்பு அந்த இரத்தத்தைச் செயற்கை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. அதற்குள் உள்ளீடற்ற ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். குழல்களுக்குள் உயிர்வாயு ஓடும், வெளியே இரத்தம் ஓடும். குழலின் மெல்லிய சுவர் வழியாக உயிர்வாயு இரத்தத்துக்கும் கரியமில வாயு குழலுக்கும் இடம் மாறுகின்றன. கறுஞ்சிவப்பாக உள்ளே போன இரத்தம் செக்கச்செவேலென்று வெளியே வந்து, பெரும்பாலும் கழுத்துச் சிரை வழியாக உடலுக்குத் திரும்புகிறது.

ஜெயலலிதாவுக்குப் பொருத்தப்பட்டது போன்ற எக்மோ சற்று வேறு. இதயமே நின்றுபோனவர்களுக்கு இரத்தத்தைச் சிரைக்குப் பதிலாகத் தமனிக்குள் திருப்பி அனுப்பி, இதயத்தின் வேலையையும் கருவியே செய்யும். கொவிட் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இதயம் நன்றாகவே இருந்தது, நுரையீரல்தான் சிக்கல். இரு வகைகளுக்கும் ஒரே பெயர் இருப்பதால், ஒன்றின் முடிவைக் கேட்டு மற்றதை எடைபோட்டுவிடுகிறோம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எக்மோ கிருமியைக் கொல்லாது, நுரையீரலைக் குணப்படுத்தாது. உடல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவே. அதற்கு விலையும் உண்டு. அந்நியப் பரப்பில் பட்டதும் இரத்தம் உறையத் தொடங்கும் என்பதால் உறைவைத் தடுக்கும் மருந்து கொடுத்தாக வேண்டும். அந்த மருந்தோ இரத்தக் கசிவை உண்டாக்கலாம். மூளைக்குள் கசிவு ஏற்படுவதே மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் விளைவு.

இந்தச் சிகிச்சை பெரியவர் ஒருவரை முதன்முதலில் காப்பாற்றியது 1971இல். விபத்தில் படுகாயமடைந்த 24 வயது அமெரிக்க இளைஞர் 75 மணி நேரம் கருவியில் இருந்து பிழைத்தார். ஆனால் 1979இல் வெளிவந்த, 90 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்கச் சோதனையில் எக்மோ கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் 10 பேரில் ஒன்பது பேர் இறந்தனர். அதன்பின் பெரியவர்களுக்கான எக்மோ நெடுங்காலம் ஓரங்கட்டப்பட்டது. 2020 தொடக்கத்திலும் அதே அச்சம் திரும்பியது. அப்போது கிடைத்த ஆரம்பத் தரவுகளில் எக்மோ பெற்ற 17 கொவிட் நோயாளிகளில் 16 பேர் இறந்திருந்தனர். ‘லான்செட்’ ஆய்வின் அருமை, அந்த அச்சத்தை ஆயிரம் பேரின் கணக்கைக் கொண்டு மாற்றியதுதான்.

ஆனாலும் “37 விழுக்காட்டினர் இறந்தனர், ஆகவே மற்றவர்கள் நலமாக வீடு திரும்பினர்” என்று கணக்குப் போடக்கூடாது. வீட்டுக்கோ மறுவாழ்வு நிலையத்துக்கோ சென்றவர்கள் 311 பேர்தான். 101 பேர் நீண்டகாலப் பராமரிப்பு நிலையம் போன்ற இடங்களுக்குச் சென்றனர். 176 பேர் வேறு மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர். 67 பேர் இன்னும் மருத்துவமனையில் இருந்தனர். மேலும், பாதிப் பேர் 49 அல்லது அதற்குக் குறைந்த வயதினர். தாக்குப்பிடிக்கக்கூடியவர்கள் என்று மருத்துவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். எஸ்.பி.பிக்கு வயது 74. அந்தச் சராசரியை அவர் வயதில் உள்ள ஒருவருக்குப் பொருத்திப் பார்ப்பது சரியாகாது.

அடுத்த ஆண்டு அதே ஆய்வாளர்கள் 4,812 பேரின் கணக்கோடு வந்தனர். இம்முறை செய்தி அவ்வளவு நன்றாக இல்லை. மே 2020க்குப் பிறகு, அனுபவமுள்ள மருத்துவமனைகளிலேயே இறப்பு சுமார் 52 விழுக்காட்டுக்கு உயர்ந்திருந்தது. கொவிட் நோயாளிகளுக்கு எக்மோவைப் பின்னர் தொடங்கிய மருத்துவமனைகளில் அது 59 விழுக்காடு. மருத்துவம் முன்னேற முன்னேற இறப்பு கூடுமா? இதற்கு நம்பத்தக்க விளக்கம் ஒன்று உண்டு. டெக்சாமெத்தசோன் போன்ற மருந்துகள் வந்தபின், ஓரளவு தேறக்கூடியவர்கள் எக்மோ வரை வரவேண்டிய தேவையே இல்லாமல் போனது. அந்த மருந்துகளுக்கும் அடங்காத, மிகக் கடுமையான நோயாளிகளே மிஞ்சினர். கருவியில் இருக்கும் காலமும் ஏறக்குறைய 14 நாளிலிருந்து 20 நாளாக நீண்டது. கருவி மோசமாகிவிடவில்லை, கருவியைத் தேடி வந்தவர்கள் மாறிவிட்டார்கள்.

அப்படியானால் எக்மோ உண்மையில் எத்தனை உயிரைக் காக்கிறது? எக்மோ கிடைத்தவர்களைக் கிடைக்காதவர்களோடு ஒப்பிட வேண்டும். கொவிட் நெருக்கடியில் சீட்டுக் குலுக்கி நோயாளிகளைப் பிரிப்பது எளிதல்ல. ஆனால் பற்றாக்குறை அந்தப் பிரிவினையைச் செய்துவிட்டது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு 2021 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை வந்த கோரிக்கைகளில், 90 நோயாளிகள் எக்மோவுக்குத் தகுதியானவர்கள் என்று முடிவானது. படுக்கை, கருவி, ஆள்பலம் இருந்தது 35 பேருக்கு மட்டுமே. அவர்களில் 15 பேர் இறந்தனர். இடமில்லை என்று சொல்லப்பட்ட 55 பேரில் 49 பேர் இறந்தனர். 43க்கும் 89க்கும் உள்ள வேறுபாடு! அந்த 55 பேரும் தகுதி இல்லாதவர்கள் அல்லர். அன்றைக்குக் கட்டில் காலியாக இல்லை, அவ்வளவுதான்.

சிறிய ஆய்வு என்பதால் இதையே முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. 30 நாடுகளின் 7,345 நோயாளிகளின் தரவைக் கொண்டு 2022இல் வந்த மற்றோர் ஆய்வு, இறப்பு 33 விழுக்காட்டிலிருந்து 26 விழுக்காடாகக் குறையும் என்று கணித்தது. பலன் சிறிதாகத் தெரிந்தாலும் திசை ஒன்றுதான்.

சிங்கப்பூரில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும், கோலாலம்பூரில் ஐஜேஎன் மருத்துவமனையிலும் எக்மோ சிகிச்சை உண்டு. கருவியை வாங்கிவிடலாம். ஒவ்வொரு நோயாளிக்கும் இரவுபகலாகக் கண்காணிக்கும் பயிற்சி பெற்ற தாதியரையும் வல்லுநர்களையும் அவசரத்துக்கு உருவாக்க முடியாது. தட்டுப்பாடு பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. உறவினருக்கு இச்சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தால், வெண்டிலேட்டரில் எத்தனை நாள் ஆகிறது, மற்ற உறுப்புகள் எப்படி இருக்கின்றன என்று மருத்துவரிடம் கேளுங்கள். நாள் கடந்தபின் தொடங்கினால் பலன் குறைவு.

கருவியை எப்போது எடுப்பார்கள்? பம்பை ஓடவிட்டபடியே செயற்கை நுரையீரலுக்குப் போகும் வாயுவை மட்டும் நிறுத்திப் பார்ப்பார்கள். இப்போது இரத்தம் கறுஞ்சிவப்பாகப் போய்க் கறுஞ்சிவப்பாகவே திரும்பும். அந்த நிலையிலும் நோயாளியின் உயிர்வாயு அளவு சில மணி நேரம் குறையாமல் நின்றால், அவருடைய சொந்த நுரையீரல் வேலைக்குத் திரும்பிவிட்டது. குழாய்களை எடுத்துவிடலாம்.