வலி ஆடியில் வரக்கூடாதா?

பி.காம். படித்துவிட்டு கணக்கு எழுத வேண்டியவன், கட்டுரை எழுதிப் பிழைக்கிறேன். நாள் முழுக்க நாற்காலியில் குனிந்ததற்குக் கைமேல் பலன்... கழுத்து வலி! பிசியோதெரபி அறை வாசல் பெஞ்சில், பக்கத்தில் ஐம்பது வயதுக்காரர். நெற்றி நிறைய விபூதி.

‘‘எழுதறதுக்கா தம்பி கழுத்து வலிக்குது?’’ என்று சிரித்தார். ‘‘நான் தவில்!’’

கச்சேரியிலாவது உட்கார்ந்து வாசிக்கலாம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நடை. இடது கையில் கம்பு, வலது கை விரல்களில் கூடு. துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் கல் மாதிரி காயவைத்த கூடு.

‘‘எல்லாரும் விரலைத்தான் பார்ப்பாங்க. அடி வாங்கறது மணிக்கட்டும் தோளும்தான். மூணு வாரம் தவிலைத் தொடாதேங்கறாங்க. வைகாசி முகூர்த்தத்துல ஒரு நாள் போகலேன்னா, என் இடத்துல வேற ஆள் உட்கார்ந்துடுவான். இந்த வலி ஆடி மாசத்துல வரக்கூடாதா?’’

கூட வாசிக்கும் நாயனக்காரருக்கே விஷயம் தெரியாதாம். வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்!

ஆறுதலாக இருக்கட்டுமே என்று, அமெரிக்க பியானோ மேதை லியோன் ஃபிளெய்ஷர் கதையைச் சொன்னேன். புகழின் உச்சியில், 1964-ல், அவருடைய வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் தானாக மடங்கிக்கொண்டன. ‘ஃபோகல் டிஸ்டோனியா’ என்று நோய்க்குப் பெயர் தெரியவே பல வருஷம். மூளையிலிருந்து விரலுக்குப் போகிற உத்தரவில் குளறுபடி! இடது கையால் மட்டும் வாசித்தார், சொல்லிக்கொடுத்தார். 1990-களில் போடாக்ஸ் ஊசி கைகொடுத்தது. 2004-ல் ‘டூ ஹேண்ட்ஸ்’ என்று ஆல்பமே வெளியிட்டார்.

‘‘ஒத்தைக் கைக்குக்கூட பாட்டு இருக்கா?’’

‘‘இருக்குண்ணே. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த ஒரு பியானோக்காரருக்காக ராவெல்னு ஒருத்தர் எழுதினார். அதை இவரும் வாசிச்சார்.’’

கொஞ்ச நேரம் யோசித்தார். ‘‘தவிலுக்கு அப்படி யாரும் எழுதலியே தம்பி!’’

உள்ளே கூப்பிட்டார்கள். வாரில் பஞ்சு வைத்துத் தைக்கச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். அரை மணிக்கொரு தரம் கைக்கு ஓய்வாம். ‘‘ஊர்வலத்துல இடைவேளை விட அது என்ன சினிமாவா?’’ என்ற குரல் வெளியில் எனக்கே கேட்டது.

‘‘சரி, வலது கையைத் தூக்குங்க பார்ப்போம்.’’

திரை இடுக்கில் பார்த்தேன். தோள் உயரம் வரை வந்த கை, அங்கேயே நின்றுவிட்டது.

‘‘போதும் டாக்டர். கெட்டிமேளத்துக்கு இதுக்கு மேல தூக்க வேணாம்!’’